கேட்ட படங்களும் பார்த்த படங்களும்

ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருந்து, மூட்டைகளை எடை போட்டு ரசீது எழுதுகிறவனுக்கு, சினிமாவை எடை போட என்ன யோக்கியதை உண்டு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பத்தாம் வகுப்புத் தேறியதற்கு மேல் எனக்குப் படிப்பும் கிடையாது. கலை நுணுக்கம், காமிராக் கோணம் முதலியவற்றைப் பற்றி எழுத விஷயம் தெரிந்த பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது, சென்ற சில மாதங்களில் எங்கள் வீட்டில் ஓடிய சில பழைய படங்களையும் புதிய படங்களையும் பற்றிய சொந்த அபிப்பிராயங்கள் மட்டுமே. ஆனால் எங்கள் வீட்டில் படம் பார்க்கும் முறை சற்று விசித்திரமானது. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் பின்னால் வருவது விளங்கும்.

என் தாயாருக்குக் கண் பார்வை போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும் நோய். வலி இல்லாமல் வருவதால் வந்ததே தெரிவதில்லை; தெரிந்து வைத்தியம் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது. (நாற்பது வயதைத் தாண்டிய சங்க அன்பர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண் அழுத்தத்தைச் சோதித்துக் கொள்ளும்படி, சினிமாவுக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும், இங்கேயே கேட்டுக் கொள்கிறேன்.) அம்மா அம்பாசமுத்திரத்துப் பக்கத்திலிருந்து 1983-ஆம் ஆண்டு மணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். என் தகப்பனார் பஜார் சாலையில், மிளகும் சுக்கும் ஏற்றுமதியாகும் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதினார். நாற்பது வருஷம் இங்கே வாழ்ந்தும் அம்மா கற்ற மலையாளம் மீன்காரியுடனும் காய்கறிக்காரனுடனும் பேரம் பேசும் அளவுக்கு மட்டும்தான். கண் போனபின் அந்தப் பேரமும் நின்று போயிற்று. மிஞ்சியவை வீடும், வானொலியும், டெலிவிஷனும்.

ஆகவே ஞாயிறு பிற்பகல்களில் நான் ஒரு படத்தைப் போட்டுவிட்டு அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொள்வேன். பேச்சு நடக்கும்போது நான் வாய் திறப்பதில்லை. பேச்சு நின்ற இடத்தில் திரையில் நடப்பதை நான் சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு.

யோசித்துப் பார்த்தால் இது அம்மாவுக்குப் புதிய பழக்கமும் அல்ல. நம் ஜனங்கள் படத்தைக் கண்ணால் பார்த்ததற்குக் குறையாமல் காதாலும் பார்த்தவர்கள். ‘பராசக்தி’ (1952) படத்தின் கோர்ட்டு வசனத்தைப் புத்தகமாக வாங்கி மனப்பாடம் செய்தவர்கள் எத்தனை பேர்! வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ என்று ஒன்று வைப்பார்கள். மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணியாகச் சுருக்கி, சத்தத்தை மட்டும் ஒலிபரப்புவார்கள். அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் பெண்கள் அழுதுகொண்டே கேட்பார்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ‘திருவிளையாடல்’ வசனம் முழங்காவிட்டால் அது கல்யாணமாகவே தோன்றாது. 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் வசன ஒலிநாடா டீக்கடைதோறும் ஓடியது. என் தகப்பனாரும் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் இப்படிப்பட்ட நாடாக்களை வாங்கி வருவார். மட்டாஞ்சேரிச் சந்துக்குள் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து சிவாஜி கணேசன் கர்ஜிப்பதை, பக்கத்து வீட்டுக் கொங்கணிக் குடும்பத்தாரும் குஜராத்திக் கடைக்காரரும் பொருள் தெரியாமலே சகித்துக் கொண்டார்கள் என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

எனவே முதலில் பழைய படங்களையே எடுத்துக் கொண்டோம்.

‘திருவிளையாடல்’ (1965) படத்துக்கு நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமே இருக்கவில்லை. தருமியாக நாகேஷ் புலம்பும் இடத்தில் அம்மா அவருக்கு ஒரு வார்த்தை முந்திக் கொண்டே வந்தார். அந்தப் படத்தை எடுத்த ஏ. பி. நாகராஜனே நக்கீரராகவும் நடித்திருக்கிறார். தாமே எழுதிய வசனத்தில் சிவபெருமானுடன் மல்லுக்கு நிற்க எவ்வளவு தைரியம் வேண்டும்! குற்றம் ஒன்று சொல்வதானால், எல்லாரும் எப்போதும் மேடையில் நின்று பேசுவது போலவே பேசுகிறார்கள். ஆனால் அந்தக் குற்றமே கண்ணில்லாதவர்களுக்குப் பெரிய உபகாரம். யார் எங்கே நிற்கிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், கோபமா கேலியா என்பதெல்லாம் குரலிலேயே வந்துவிடுகிறது.

அடுத்து ‘அந்த நாள்’ (1954). ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்தது. பாட்டும் இல்லை, நடனமும் இல்லை என்று முன்கூட்டியே நான் சொன்னபோது அம்மாவின் முகம் சுண்டியது. வெளிவந்த காலத்திலும் ஜனங்கள் அதே முகத்தைத்தான் காட்டினார்கள் போலும். படம் நன்றாக ஓடவில்லை. இரண்டாவது உலக யுத்த காலம். 1943-இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த சமயத்தில் ஓர் என்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறார். யார் சுட்டது என்று துப்பறியும் அதிகாரியிடம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்லுகிறார்கள். ஜப்பானில் அகிரா குரோசவா எடுத்த ‘ரஷோமோன்’ (1950) படத்தைப் பார்த்த பாதிப்பில் பாலசந்தர் இதை எடுத்தார். அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமனேதான் திரைக்கதை வசனகர்த்தாவும். அரை மணி நேரத்தில் அம்மா நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு சாட்சி பேசி முடித்ததும், “இவன் மறைக்கான்”, “இவள் பாதிதான் சொல்லுதாள்” என்று தீர்ப்புச் சொல்லிக் கொண்டே இருந்தார். குற்றவாளி யார் என்று அவர் ஊகித்தது சரியாகவே இருந்தது. நான் முகபாவத்தைப் பார்த்துக் கொண்டிருந்ததால் ஏமாந்தேன். யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுபது வருஷம் கழிந்தாலும் அந்த ரகசியத்தை உடைப்பது தர்மம் அல்ல.

இந்த இரண்டு படங்களைக் கொண்டு நான் ஒரு சித்தாந்தம் கட்டினேன். பழைய படம் காதுக்கு, புதிய படம் கண்ணுக்கு என்பதே அது. ஆபீசில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். அதை உடைத்தது ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968).

கொத்தமங்கலம் சுப்பு ‘ஆனந்த விகட’னில் தொடராக எழுதிய கதை, சிவாஜி கணேசனின் நாதஸ்வரத்துக்கு உண்மையில் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதெல்லாம் நேயர்கள் அறிந்தவை. அதில் ஒரு ரயில் காட்சி வருகிறது. நாதஸ்வரக் கோஷ்டியும் நாட்டியக் கோஷ்டியும் ஒரே வண்டியில் பிரயாணம் செய்கின்றன. சிவாஜி பத்மினியைப் பார்க்கிறார், பத்மினி சிவாஜியைப் பார்க்கிறார், நடுவில் தவில்கார பாலையா இருவரையும் பார்க்கிறார். பேச்சு என்று சொல்லும்படி அங்கே ஒன்றும் இல்லை. ரயில்வேக்காரனாகிய எனக்குப் பெட்டியின் ஜன்னலிலும் ஆசனப் பலகையிலும் கண் போயிற்றே தவிர, நடப்பதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. “அவர் பார்க்கிறார், அம்மா. இவளும் பார்க்கிறாள்” என்றேன். ரசீது எழுதுகிற புத்தி அவ்வளவுதான் எட்டியது.

அம்மா சிரித்தார். பிறகு அவர் எனக்குச் சொல்லத் தொடங்கினார். இப்போது பத்மினி புருவத்தை மட்டும் இப்படி உயர்த்துவாள், இப்போது அவள் தாயார் விழித்துக் கொள்வாள், இப்போது பாலையா ஒன்றும் தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக் கொள்வார் என்று, ரயில் சக்கரத்தின் சத்தத்தையே கணக்காக வைத்துக்கொண்டு சொன்னார். ஊரில் டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்தாரோ! காட்சி முடியும் வரை நான் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் புருவத்தையே பார்த்துக் கொண்டிருந்தேன்.

இது நிற்க. என் வேலையில் ஞாயிறு என்றும் தீபாவளி என்றும் பேதம் கிடையாது. ஷிப்ட் மாறியதும் என் ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின. மனைவிக்கு வீட்டு வேலை. ஆகவே கதை சொல்லும் பொறுப்பு, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் தலையில் விழுந்தது.

இதில் எனக்குப் பெரிய தயக்கம் இருந்தது. ஒளிப்பதில் பயனில்லை, இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பல வீடுகளில் உள்ளதே எங்கள் வீட்டிலும் இருந்தது. குழந்தைக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாயில் வராது. பள்ளிக்கூடம் மலையாளம், விளையாட்டு மலையாளம், தூக்கத்தில் உளறுவதும் மலையாளம். ஆச்சி ஏதாவது கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். கண் இருந்த காலத்தில் குழந்தையின் முகத்தைப் பார்த்து அம்மா ஊகித்துக் கொள்வார். கண் போன பிறகு ஒரே கூரையின் கீழ் இருவருக்கும் இடையில் பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கவனித்தேன், நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்றிருந்தேன்.

அவள் முதன்முதலாகச் சொன்ன படம் ‘மெய்யழகன்’ (2024). சி. பிரேம்குமார் டைரக்ட் செய்தது. சொத்துத் தகராறில் 1996-இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி என்பவர், இருபத்திரண்டு வருஷம் கழித்து நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். அங்கே ஓர் உறவுக்கார வாலிபன், “அத்தான், அத்தான்” என்று ஒட்டிக் கொள்கிறான். அவன் பெயர் அருள்மொழிக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். இந்தச் சின்ன முடிச்சை வைத்துக்கொண்டு ஓர் இரவு முழுவதும் இரண்டு பேரைப் பேச வைத்திருக்கிறார்கள். அரவிந்த்சாமி, கார்த்தி இருவரும் நடிப்பது தெரியாமல் நடிக்கிறார்கள். படம் நீளம் என்று குறை எழுந்து, வெளியான பிறகு சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். எனக்கும் நீளமாகத்தான் பட்டது. ஆனால் அம்மாவோ, “பேசட்டும், விடு” என்றார். இரவெல்லாம் பேசுகிற படம் அவருக்கு விருந்து. நான் அன்று வேலை முடிந்து பாதிப் படத்தில் வந்து சேர்ந்தேன். இருவரும் மது அருந்திக் கொண்டு பேசுகிற கட்டம். “ஜூஸ் குடிக்கிறார்கள், ஆச்சி” என்றாள் என் மகள். “ஏட்டி, ஜூஸ் குடிச்சவன் பேச்சா இது?” என்றார் அம்மா.

அந்தப் படத்தில், ஊரை விட்டுப் போகும் முன் பையன் காலி வீட்டில் அறை அறையாகச் சுற்றி வரும் இடத்தில் பேச்சு குறைவு. அதை என் மகள் எப்படிச் சொன்னாள் என்பதை நான் கேட்கவில்லை. ஆனால் அன்று இரவு அம்மா, விற்றுப்போன தம் தாய் வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாத செய்திகளை அவளுக்குச் சொல்லிக் கொண்டிருந்தார். விற்கும்போது யாரும் தம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும் அதில் ஒன்று. நாற்பது வருஷத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதில்லை. இந்தப் படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தா மலையாளி என்று சொன்னபோது அம்மா நம்ப மறுத்தார். எம்.எஸ். விஸ்வநாதனே பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர்தானே என்று நினைவூட்டினேன். மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய ‘பாலன்’ (1938) சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் எடுத்தது. சுவர் ஒன்றுதான்; இரண்டு பக்கமும் வீடு.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) படத்தை மட்டும் தியேட்டரில் பார்த்தோம், நானும் மகளும். ஜல மெட்ரோவில் அக்கரை போய் எர்ணாகுளத்தில் பார்த்தது. மஞ்ஞும்மல் என்பது ஏலூர் அருகே, நமக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஊர். அந்த ஊர் வாலிபர்கள் 2006-இல் கொடைக்கானல் சென்றபோது ஒருவன் குகைப் பள்ளத்தில் விழ, நண்பன் ஒருவனே இறங்கி மீட்ட உண்மைச் சம்பவத்தை சிதம்பரம் என்ற டைரக்டர் படமாக்கியிருக்கிறார். ‘குணா’ (1991) படத்துப் பாட்டை அவர் பயன்படுத்திய விதத்துக்கு ஒரு கும்பிடு. காதலனும் காதலியும் பாடியதை இரண்டு நண்பர்களுக்கு உரியதாக்கிவிட்டார். தமிழ்நாட்டிலும் அது வெற்றி பெற்றதில் வியப்பில்லை. தமிழ்ப் போலீஸார் அந்தப் பையன்களை அடிக்கும் கட்டத்தில் அரங்கில் எழுந்த முணுமுணுப்பைக் கேட்டு என் மகள் என் காதில், “அப்பா, நாம் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். விழுந்தவன் பக்கம் என்றேன். சமாளிப்புத்தான், வேறு பதில் அப்போது தோன்றவில்லை.

பிறகு அதையே வீட்டில் அம்மாவுக்காகப் போட்டோம். இங்கேதான் என் சித்தாந்தத்தின் மறுபாதியும் உடைந்தது. புதிய படம் கண்ணுக்கு மட்டும் என்று நினைத்தேனே, அந்தப் பள்ளத்தின் சத்தத்தை அம்மா கேட்ட விதத்தைப் பார்க்க வேண்டும்! வார்த்தை குறைந்தாலும் ஒலி கூடியிருக்கிறது. பாறையில் உரசுவதும், குரல் அடியிலிருந்து எதிரொலித்து வருவதும் கேட்டு அவர் கால்களை மேலே தூக்கி வைத்துக் கொண்டார். மழை பிடித்துக் கொண்டதும் என் மகள், “குழிக்குள்ளே வெள்ளம் வருது, ஆச்சி!” என்றாள். வழக்கமாகத் தண்ணீருக்கு ‘வெள்ளம்’ என்று சொல்லி ஆச்சியிடம் திட்டு வாங்குகிறவள் அவள். அன்று ஒரு நாள் தமிழிலும் மலையாளத்திலும் அந்தச் சொல் சரியாகவே இருந்தது.

கடைசியாக ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. 2022-இல் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, மறு வருஷத் தொடக்கத்தில் வெளியானது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி டைரக்ட் செய்தது, கதாநாயகன் மம்முட்டி. 2022-க்கான கேரள அரசின் சிறந்த படம், சிறந்த நடிகர் பரிசுகள் இரண்டும் இதற்கே. அன்று எனக்கு ஓய்வு நாள். ஆனால் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்தானம் கைமாறிவிட்டதால் நான் பின்னால் பாயில் உட்கார்ந்தேன்.

தலைப்பிலேயே வழக்கு ஆரம்பமாயிற்று. “யாருக்குட்டி மயக்கம்? சர்க்கரை குறைஞ்சு போச்சா?” என்றார் அம்மா. மலையாளத்தில் மயக்கம் என்றால் கண்ணயர்வது. “மயக்கம் இல்லை ஆச்சி, உறக்கம். சின்ன உறக்கம்” என்று மகள் விளக்கினாள்.

வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிகள் ஒரு பஸ்ஸில் மதிய வெயிலில் தூங்கி வழிகிறார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ். தமிழ்ப் பாட்டும் தமிழ்ச் சாப்பாடும் பிடிக்காத மனிதர். அவர் திடீரென்று விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி, சோளக் கொல்லை வழியே நடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறார். அங்கே ஒரு வீட்டில் நுழைந்து, காணாமற்போன சுந்தரம் என்பவராகவே நடமாடத் தொடங்குகிறார். பேச்சும் தமிழாகிவிடுகிறது. காரணம் எதுவும் சொல்லப்படுவதில்லை. தங்கும் விடுதிக் காட்சியில், உறக்கத்தையும் விழிப்பையும் பற்றிய திருக்குறள் ஒன்றுக்குப் பொருள் சொல்கிறார்கள், அவ்வளவுதான் துப்பு. அந்தக் குறளை அம்மா முழுவதும் சொல்லிக் காட்டினார். மம்முட்டியின் தமிழைப் பற்றிக் கேட்டபோது, “ழகரம் நம்மளைவிட நல்லா வருது” என்று தீர்ப்பளித்தார்.

படத்துக்குத் தனியாகப் பின்னணி இசை இல்லை. காமிரா பெரும்பாலும் அசையாமல் ஓரிடத்தில் நின்று பார்க்கிறது. அதற்குப் பதில் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் தெருவிலும் வீட்டிலும் எங்கிருந்தோ ஓயாமல் கேட்டுக் கொண்டே இருக்கின்றன. முன்னே நடப்பது ஒன்று, காதில் விழுவது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக் கொள்ளும்போது உடம்பு சிலிர்க்கிறது. நடு நடுவே மெதுவாகப் போகிறது என்பது குறைதான். நானே ஓரிடத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். தலைப்புக்கு மரியாதை செய்ததாக வைத்துக் கொள்ளலாம். அம்மாவுக்கோ திரையிலிருந்து வந்த குரல்களெல்லாம் பழகிய குரல்கள். ஒவ்வொன்றும் எந்தப் படம் என்று சொல்லி மகிழ்ந்து கொண்டிருந்தார்.

திடீரென்று என் மகள் நிறுத்தினாள். சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, “ஆச்சி, அந்த வீட்டில் ஒரு ஆச்சி இருக்கிறாள்” என்றாள்.

“என்ன செய்யுதா?”

“டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் கண்... காணாது.”

சுந்தரத்தின் தாயார் அப்படித்தான். பார்வை இல்லாத கிழவி. நாள் முழுவதும் டெலிவிஷனில் பழைய படங்களைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருப்பேனா என்பதும் தெரியாது. எழுந்து நிறுத்தலாமா என்று நினைத்தேன். ஆனால் அம்மா முன்னே சாய்ந்து, “சேலை என்ன நிறம்? தலை வாரியிருக்காளா? பக்கத்தில் யாராவது இருக்காங்களா?” என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கிவிட்டார். குழந்தை ஒவ்வொன்றுக்கும் தேடித் தேடி, தெரியாத சொல்லுக்குக் கையால் ஆச்சியின் சேலையையே தொட்டுக் காட்டிப் பதில் சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் தமிழ் பேசியது அன்றுதான்.

“வந்தவனை மகன்னு நம்பிட்டாளா?”

“நம்பிட்டாள், ஆச்சி.”

“குரலைக் கேட்டுமா தெரியல்லை?”

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கும் பதில் தெரியவில்லை. சற்று நேரம் மூவரும் பேசாமலிருந்தோம். திரையில் ஏதோ ஒரு பழைய பாட்டு ஓடிக் கொண்டிருந்தது.

“தெரிஞ்சிருக்கும்” என்றார் அம்மா. “தெரிஞ்சும் சும்மா இருந்திருப்பா. அந்த இடத்தை இன்னொரு தடவை போடு, கேப்போம்.”